வெளிப்புற பேக்கப் டிரைவை எதில் ஃபார்மேட் செய்வது? எக்ஸ்ஃபேட்டா, என்டிஎஃப்எஸ்ஸா, எக்ஸ்ட்4ஆ?

படப்பெட்டி:

வணக்கம். 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கியிருக்கிறேன். யுஎஸ்பியில் செருகுவது, உள்ளே தட்டு சுழலும் வகை. பேக்கப்புக்கு மட்டும்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தில் (கோப்புகளை டிரைவில் அடுக்கி வைக்கும் முறை) ஃபார்மேட் ஆகித்தான் வந்திருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா, மாற்ற வேண்டுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், என்னிடம் ஏற்கெனவே இருக்கும் 2 டிபி டிரைவும் எக்ஸ்ஃபேட்தான். போன மாதம் நகலெடுத்துக்கொண்டிருந்தபோது கேபிள் லேசாக அசைந்து இணைப்பு போய்விட்டது. மறுபடி செருகிப் பார்த்தால் ஒரு ஃபோல்டரையே காணவில்லை. தங்கையின் விண்டோஸ் மடிக்கணினியில் டிரைவைச் சோதித்துப் பழுது பார்க்கும் செக்டிஸ்க் ஓட்டினேன். ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர் முளைத்தது. உள்ளே ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று வரிசையாகப் பெயரில்லாத கோப்புகள். அசல் என் மேசைக்கணினியில் பத்திரமாக இருந்ததால் தப்பித்தேன். இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பெயர் வைத்திருக்க வேண்டும்.

என் மேசைக்கணினி லினக்ஸ், தங்கையின் மடிக்கணினி விண்டோஸ். மேக் கிடையாது. மொத்தம் 1.6 டிபி இருக்கும். பெரும்பகுதி புகைப்படமும் வீடியோவும். அப்புறம் ஸ்கேன் செய்த பழைய கடிதங்கள், என் நிரல்கள், தங்கை சேர்த்து வைத்திருக்கும் கட்டுரைகள்.

நீலத்திரை:

எக்ஸ்ஃபேட்டையே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ், தொலைக்காட்சி, கேமரா என எதில் செருகினாலும் படிக்கும் வாய்ப்பு அதற்குத்தான் அதிகம். 2019இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. முன்பு போலத் தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

உங்களுக்கு நடந்ததற்குக் காரணம் கேபிள். நல்ல கேபிள் போடுங்கள். எழுதி முடிந்ததும் "எஜெக்ட்" கொடுத்த பிறகே கழற்றுங்கள். பழைய ஃபைல் சிஸ்டமான ஃபேட்32 மட்டும் வேண்டாம். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் அதில் ஏறாது, நீள வீடியோ எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

முனையம்:

நீலத்திரை சொன்ன எஜெக்ட் விஷயம் முக்கியம். லினக்ஸில் நகலெடுக்கும் பட்டை 100 சதவீதம் காட்டினாலும் கடைசிப் பகுதி இன்னும் நினைவகத்திலேயே இருக்கலாம். எஜெக்ட் கொடுக்கும்போதுதான் மிச்சம் டிரைவில் இறங்குகிறது. ஆனால் "கேபிள்தான் காரணம்" என்பதை நான் ஏற்க மாட்டேன். கேபிள் என்றாவது அசையும், மின்சாரம் என்றாவது போகும். அப்போது ஃபைல் சிஸ்டம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. கணக்கு எழுதுகிறவர்கள் எதையும் முதலில் குறிப்பேட்டில் எழுதி, அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா? ஜர்னல் செய்வது அதே வேலை. எந்த ஃபோல்டரில் என்ன மாறப்போகிறது என்பதை முதலில் தனி இடத்தில் குறித்துக்கொள்ளும். நடுவில் இணைப்பு போனால், மறுபடி செருகும்போது அந்தக் குறிப்பைப் பார்க்கும். முழுதாக எழுதப்பட்ட குறிப்பைப் பேரேட்டில் ஏற்றிவிடும், பாதியில் நின்றதைத் தள்ளிவிடும். கடைசியாக எழுதிக்கொண்டிருந்த சில கோப்புகள் போகலாம். ஆனால் ஃபோல்டர்களின் அமைப்பு குலையாது. எக்ஸ்ஃபேட் நேரே பேரேட்டிலேயே எழுதுகிறது. பாதி எழுதிய பக்கம் பாதியாகவே நின்றுவிடும். நீங்கள் பார்த்த சிஎச்கே கோப்புகள் அப்படி வந்தவைதான்.

இரண்டாவது, உங்கள் நிரல்கள். எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸ் அனுமதிகள், சிம்பாலிக் லிங்க் (இன்னொரு கோப்பைக் காட்டும் குறுக்குவழி), ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) எதுவும் சேமிக்க முடியாது. நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் ஓட்டினால் பிழைச் செய்தி வரிசையாக வரும். திரும்ப எடுக்கும்போது எந்தக் கோப்பு இயங்கக்கூடியது, எது இல்லை என்ற தகவலே இருக்காது.

மூன்றாவது, இடம். பெரிய டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் தானாகவே 128 கேபி கிளஸ்டர் (இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகு) வைக்கும். 2 கேபி கோப்பானாலும் 128 கேபி இடம் பிடிக்கும். ஒரு லட்சம் சின்னக் கோப்புகள் இருந்தால் அவற்றுக்கே சுமார் 13 ஜிபி போகும். வீடியோவுக்கு இது பொருட்டே இல்லை. நிரல் களஞ்சியங்களுக்குப் பொருட்டுதான்.

முதன்மைக் கணினி லினக்ஸ் என்றால் லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 போடுங்கள். 2008 முதல் நிலையான பதிப்பாக இருக்கிறது. பழுது பார்க்கும் கருவி எல்லா லினக்ஸிலும் கூடவே வரும்.

படப்பெட்டி:

மிக்க நன்றி. குறிப்பேடு, பேரேடு என்று சொன்னதும் என்ன நடந்தது என்பது விளங்கிவிட்டது. ஆனால் எக்ஸ்ட்4 போட்டால் தங்கையின் மடிக்கணினியில் திறக்காதே? அவளுடைய கட்டுரைகளும் இதில்தான் இருக்கப் போகின்றன.

பழங்கணினி:

அப்படியென்றால் என்டிஎஃப்எஸ். 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்தது, ஜர்னல் இருக்கிறது, 4 ஜிபி தடை இல்லை. லினக்ஸிலும் படிக்கலாம், எழுதலாம். 5.15 பதிப்பு முதல் கெர்னலிலேயே அதற்கான டிரைவர் இருக்கிறது.

முனையம்:

எழுதலாம், சரி. பழுதானால்? லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில அடிப்படைப் பிழைகளை மட்டும் சரிசெய்யும். முழுப் பரிசோதனைக்கு விண்டோஸின் செக்டிஸ்க்கிடம்தான் போக வேண்டும். இன்னொன்று, சரியாக எஜெக்ட் செய்யாமல் கழற்றினால் டிரைவில் "டர்ட்டி" என்று ஒரு குறி விழும். அதற்குப் பிறகு லினக்ஸ் அதை மவுன்ட் செய்ய (இணைத்துத் திறக்க) மறுக்கலாம், அல்லது படிக்க மட்டும் விடலாம். மேக்கில் என்டிஎஃப்எஸ் இயல்பாகவே படிக்க மட்டும்தான்.

விண்டோஸ் மட்டுமே இருக்கும் வீடு என்றால் நான் யோசிக்காமல் என்டிஎஃப்எஸ் சொல்வேன். படப்பெட்டியின் நிலை அது இல்லை.

வட்டுமீட்பு:

எல்லோரும் எழுதும் நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எடுக்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அண்ணன் கவனமானவர். லினக்ஸ் மடிக்கணினி, எக்ஸ்ட்4 பேக்கப், வாரம் தவறாமல் ஓட்டுவார். ஒருநாள் அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டார். மடிக்கணினியும் அதே வாரத்தில் இயங்கவில்லை. காப்பீட்டுத் தாள்கள் அவசரமாக வேண்டியிருந்தன. அண்ணி அந்த டிரைவை எடுத்துத் தன் விண்டோஸ் கணினியில் செருகினார். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று திரையில் கேட்டது. தனக்குத் தெரியாத ஃபைல் சிஸ்டத்தைக் கண்டால் விண்டோஸ் அப்படித்தான் கேட்கும். அண்ணி பதற்றத்தில் இருந்தவர். திரை கேட்கிறதே, செய்தால்தான் திறக்கும் போல என்று நினைத்துவிட்டார். பொத்தானை அழுத்தும் முன் எனக்கு ஒருமுறை ஃபோன் செய்தார், அதனால் பிழைத்தோம். நான் ஒரு லினக்ஸ் லைவ் யுஎஸ்பியோடு (நிறுவாமலே லினக்ஸைத் தொடங்க உதவும் பென் டிரைவ்) போய்த் தாள்களை எடுத்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கணினி இல்லாத நாளில், நீங்களும் பக்கத்தில் இல்லாத நாளில், இந்த டிரைவை யார் எந்தக் கணினியில் செருகுவார்கள்? ஜர்னல், செக்சம் (கோப்பின் உள்ளடக்கம் மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

எக்ஸ்ட்4 வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டால் ஒரு லைவ் யுஎஸ்பியையும் அதே உறையில் வையுங்கள். டிரைவின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். வீட்டில் உள்ள இன்னொருவர் ஒருமுறையாவது உங்கள் உதவியில்லாமல் அதிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பார்க்கட்டும்.

நீலத்திரை:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. எக்ஸ்ஃபேட்டின் பலம் இதுதான்.

நள்ளிரவு:

என் பக்கத்திலிருந்து ஒன்று. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் பற்றி யாரும் பேசவில்லையே.

எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் மூன்றுமே நீங்கள் எழுதிய படத்தின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் வைப்பதில்லை. ஜர்னல் காப்பாற்றுவது ஃபோல்டர் அமைப்பை மட்டும். டிரைவில் ஓரிடம் மெல்லக் கெட்டு, படத்தின் நடுவில் சில பைட்டுகள் மாறினால் அவை அதைக் கண்டுகொள்ளாமல் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். ஐந்து வருடம் கழித்துத் திறக்கும்போது பாதிப் படம் சாம்பல் நிறமாக இருக்கும். அதற்குள் அந்தக் கெட்ட நகலையே மற்ற எல்லா நகல்களிலும் ஏற்றியிருப்பீர்கள். என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் நான்கு எனக்கு அப்படிப் போயின.

பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு பகுதிக்கும் செக்சம் வைக்கும். மாதம் ஒருமுறை "ஸ்க்ரப்" ஓட்டினால் முழு டிரைவையும் படித்துச் சரிபார்த்து, எந்தக் கோப்பு கெட்டது என்று பெயரோடு சொல்லும். ஸ்னாப்ஷாட்டும் உண்டு. நேற்றைய நிலை, போன வார நிலை என்று வைத்துக்கொள்ளலாம், மாறிய பகுதிக்கு மட்டும்தான் இடம் போகும். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமும் இதெல்லாம் செய்யும். ஆனால் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்து வராது, தனியாக நிறுவ வேண்டும்.

முனையம்:

நள்ளிரவு சொல்வது உண்மை. இருந்தாலும் ஒற்றை டிரைவில் பிடிஆர்எஃப்எஸ் கெட்டதைக் காட்டும், சரிசெய்யாது. சரிசெய்ய இரண்டாவது நல்ல நகல் எங்காவது வேண்டும்.

வேகமும் ஒரு பிரச்சினை. யுஎஸ்பியில் மட்டும் ஓடும் பெரிய கொள்ளளவுச் சிறிய டிரைவுகள் பல எஸ்எம்ஆர் வகை. கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் ஓரம் அடுத்த தடத்தின் மேல் ஏறியிருக்கும். நடுவில் உள்ள ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் பெயர்த்து வைக்க வேண்டும். வரிசையாக எழுதினால் தெரியாது, அங்கங்கே மாற்றி மாற்றி எழுதினால் நத்தை வேகம். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டும் எதையும் பழைய இடத்தில் திருத்தாமல் புது இடத்தில் எழுதுபவை. நாளாக ஆகத் துண்டுகள் சிதறி, அந்த வகை டிரைவில் திணறும்.

செக்சம் வேண்டும் என்றால் ஃபைல் சிஸ்டத்தை நம்பியிருக்கத் தேவையில்லை. எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்எச்ஏ256 என்ற வகைச் செக்சம் கணக்கிட்டு ஒரே பட்டியலாக டிரைவிலேயே வையுங்கள். பட்டியலை எக்ஸ்ஃபேட்டிலும் வைக்கலாம், எதிலும் சரிபார்க்கலாம். 1.6 டிபிக்குச் சில மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம்.

நள்ளிரவு:

பட்டியலை ஒழுங்காகப் புதுப்பிக்கிறவர்களுக்கு அது போதும், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அந்த ஒழுங்கு வரவில்லை. அதனால்தான் டிரைவே செய்யட்டும் என்று விட்டேன்.

ஒற்றைக்கொம்பு:

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் தங்கையின் கட்டுரைகள் என்றதும் ஞாபகம் வந்தது.

என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டிலும் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை போகலாம். எக்ஸ்ட்4இலும் 255தான், ஆனால் அது பைட்டுக் கணக்கு. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். அதிலும் நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பது பல நேரம் இரண்டு குறியீடாக இருக்கும். "தமிழ்" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு, எக்ஸ்ட்4க்கு 15 பைட். ஆக எக்ஸ்ட்4இல் தமிழ்ப் பெயர் 85 குறியீட்டோடு நின்றுவிடும். பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் இதே 255 பைட்டுதான். கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கம் இருந்தால் இதை எளிதில் தாண்டிவிடுவோம். விண்டோஸில் நன்றாக இருந்த கோப்பு லினக்ஸ் டிரைவுக்கு வரும்போது "பெயர் மிக நீளம்" என்று நின்றுவிடும். நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு நடுவில் அந்த ஒரு வரியை யாரும் கவனிப்பதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் வைக்கலாம். எக்ஸ்ஃபேட்டும் விண்டோஸும் ஏற்காது.

மேக் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான ஹெச்எஃப்எஸ் பிளஸ் உள்ள டிரைவில் "தொகுப்பு" என்று ஃபோல்டர் வைத்தால், "தொ"வில் உள்ள கொம்பையும் காலையும் பிரித்து இரண்டு குறியீடாகச் சேமிக்கும். நாம் விசைப்பலகையில் அடிக்கும்போது பெரும்பாலும் இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடு. லினக்ஸுக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்கு ஒரே மாதிரி "தொகுப்பு" இரண்டு நிற்கும். பேக்கப் மென்பொருள் இரண்டையும் வேறு வேறு என்று நினைத்து மறுபடி எல்லாவற்றையும் நகலெடுக்கும். கொ, கோ, கௌ வரிசை முழுக்க இப்படித்தான். 2017இல் மேக்குக்கு வந்த புதிய ஃபைல் சிஸ்டமான ஏபிஎஃப்எஸ் நாம் கொடுத்த வடிவத்தை மாற்றாமல் வைத்திருக்கிறது, தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. வேறு யாரும் அந்த வாரத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படப்பெட்டி:

ஒற்றைக்கொம்பு, உங்களுக்குத் தனியாக நன்றி. தங்கை தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றையும் கோப்புப் பெயரிலேயே வைப்பவள். இன்றிரவே பார்க்கிறேன்.

என் எண்ணம் இப்போது இப்படிப் போகிறது. டிரைவு இரண்டு இருக்கின்றன. புதிய 4 டிபியை எக்ஸ்ட்4 ஆக்கி என் கணினியின் முழு பேக்கப். பழைய 2 டிபியைச் சுத்தமாக மறுபடி எக்ஸ்ஃபேட் செய்து படங்கள், கடிதங்கள், கட்டுரைகள் மட்டும். அவசரத்துக்கு அதைத் தங்கை எங்கும் திறக்கலாம். சரிதானா?

முனையம்:

சரியான பிரிப்பு. ஒரே டிரைவில் இரண்டு பார்ட்டிஷன் போடாமல் விட்டது நல்லது. டிரைவ் போனால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும்.

எக்ஸ்ட்4 போடும்போது இரண்டைக் கவனியுங்கள். இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கு (நிர்வாகிக்கு) என்று ஒதுக்கிவிடும். 4 டிபியில் அது 200 ஜிபி. பேக்கப் டிரைவுக்கு அது தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். அடுத்து, கோப்பின் உரிமையாளர் பெயராக அல்ல, எண்ணாகத்தான் சேமிக்கப்படும். வேறொரு லினக்ஸில் உங்கள் எண் வேறாக இருந்தால் "அனுமதி இல்லை" என்று வரும். பதறாதீர்கள், கோப்பு பத்திரமாகவே இருக்கும். ரூட் அனுமதியோடு உரிமையாளரை மாற்றினால் போதும்.

ஆர்சிங்க்கில் லிங்க்-டெஸ்ட் (--link-dest) விருப்பத்தையும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு நாள் ஃபோல்டரும் முழு நகல் போலத் தெரியும், மாறாத கோப்புகள் ஹார்ட் லிங்க் ஆக இருப்பதால் இடம் பிடிக்காது.

பழங்கணினி:

டிரைவைப் பூட்டுவது பற்றியும் முடிவெடுங்கள். தொலைந்தால் யாரும் படிக்கக்கூடாது என்றால் லினக்ஸ் டிரைவுக்கு லக்ஸ் என்ற பூட்டும் முறை. எக்ஸ்ஃபேட் டிரைவுக்கு வெராகிரிப்ட் என்ற பூட்டும் மென்பொருள், அது மூன்று இயங்குதளத்திலும் ஓடும்.

வட்டுமீட்பு:

பூட்டினால் கடவுச்சொல் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய டிரைவுக்குக் கடவுச்சொல் மறந்துபோய் என்னிடம் வந்தவர்களுக்கு நான் எதுவும் செய்ய முடிந்ததில்லை. அவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

பழைய டிரைவை அழிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள் படப்பெட்டி. அதில் உள்ளதையும் மேசைக்கணினியில் உள்ளதையும் செக்சம் வைத்து ஒப்பிடுங்கள். கேபிள் அசைந்த அன்று ஃபோல்டர் மட்டும்தான் போனது என்று நாம் நம்புகிறோம், பார்க்கவில்லை.

படப்பெட்டி (நான்கு நாள் கழித்து):

முடித்துவிட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வட்டுமீட்பு சொன்னபடி முதலில் ஒப்பிட்டேன். பழைய டிரைவில் 11 கோப்புகள் வேறுபட்டன. அளவு ஒன்றே, தேதி ஒன்றே, பெயர் ஒன்றே. அம்மாவின் ஒரு கடிதத்தின் ஸ்கேன் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல். மேசைக்கணினியில் உள்ள அசல் நன்றாக இருக்கிறது. ஒப்பிடாமல் விட்டிருந்தால், இந்த டிரைவை நம்பி என்றாவது அசலை அழித்திருப்பேன். அந்தத் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் 4 டிபியை எக்ஸ்ட்4 செய்து, முழு பேக்கப் எடுத்தேன். தங்கையின் கட்டுரைகளில் 37 கோப்புகள் பெயர் நீளத்தால் நின்றன. அவளே உட்கார்ந்து சுருக்கிப் பெயர் வைத்தாள், முழுத் தலைப்பை ஒரு உரைக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறாள். பழைய 2 டிபியில் முழு ஃபார்மேட், விரைவு ஃபார்மேட் இல்லை. கெட்ட இடம் எதையும் காட்டவில்லை, கேபிளையும் மாற்றிவிட்டேன். இரண்டு டிரைவிலும் எஸ்எச்ஏ256 பட்டியல் இருக்கிறது. பூட்டவில்லை. வீட்டில் எல்லோரும் திறக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நேற்று நான் வெளியே போயிருந்தபோது தங்கையிடம் 4 டிபியைக் கொடுத்து, அம்மாவின் அந்தக் கடிதத்தை எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். லைவ் யுஎஸ்பியில் ஏற்ற எந்த விசையை அழுத்துவது என்று தெரியாமல் இரண்டு முறை விண்டோஸுக்குள்ளேயே போய்விட்டாள். மூன்றாம் முறை வந்தது. 25 நிமிடத்தில் கடிதம் என் ஃபோனுக்கு வந்துவிட்டது, முழுதாக.

அந்த விசையின் பெயரையும் இப்போது சீட்டில் சேர்த்திருக்கிறேன். டிரைவின் மேல் ஒட்டியிருப்பது இது: "லினக்ஸ் டிரைவ். விண்டோஸ் ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் கேன்சல் அழுத்தவும். உறையில் உள்ள சின்ன யுஎஸ்பியைச் செருகி, கணினியை எஃப்12 அழுத்தியபடி தொடங்கவும்."

வட்டுமீட்பு:

சீட்டில் தேதியும் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கை மறுபடி ஒரு கோப்பை எடுத்துப் பார்க்கட்டும்.